பேர்ல வட சென்னை, மேப்ல திருவள்ளூர்

உங்க வீடு எந்த வார்டுல இருக்கு? கூகுள் பண்ணாம சொல்லணும்.

எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு பதினஞ்சு பேர்கிட்ட இதைக் கேட்டேன். சிஎஸ்கே பிளேயிங் லெவனை மூச்சு விடாம ஒப்பிக்கிறவங்க எல்லாம் முழிச்சாங்க. ஒருத்தன் மட்டும் டக்குனு நம்பர் சொன்னான். அவன் மாமா கட்சியில இருக்கார். மாநகராட்சி அரசியல் நம்ம தலைமுறைக்கு எவ்வளவு தூரத்துல இருக்குன்னு அதிலேயே தெரிஞ்சிருச்சு. 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி நடந்த சென்னை மாநகராட்சித் தேர்தல்ல பதிவான ஓட்டு சுமார் 43 சதவீதம்தான். மாநிலம் முழுக்க 60-ஐத் தாண்டிய அதே தேர்தல்ல சென்னைதான் கடைசி.

சரி, என்னைத் திருப்பிக் கேளுங்க. எனக்குச் சென்னை வார்டு நம்பரே கிடையாது. நான் அத்திப்பட்டு.

பேரைச் சொன்னதும் உங்களுக்கு 2001-ல வந்த அஜித் படம் "சிட்டிசன்" ஞாபகம் வந்திருக்கும். மேப்ல இருந்தே காணாமப் போன கடலோரக் கிராமத்தோட கதை. அந்த ஊர் பேர் அத்திப்பட்டி, கற்பனை. எங்க ஊர் அத்திப்பட்டு, நிஜம். ஃபர்ஸ்ட் இயர் ஹாஸ்டல்ல "உங்க ஊர் இன்னும் இருக்கா மச்சி?"ன்னு கேட்காத ஆள் கிடையாது. இருக்கு. சென்ட்ரல்ல இருந்து கும்மிடிப்பூண்டி வண்டி ஏறுங்க. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர். அதுக்கப்புறம் வண்டி கொசஸ்தலை ஆத்தைத் தாண்டும். தாண்டினதும் அத்திப்பட்டு புதுநகர், அடுத்தது அத்திப்பட்டு. அந்தப் பாலத்துலதான் சென்னை முடியுது.

முடியுதுன்னு சொல்றது யார்ங்கிறதுதான் இந்தக் கட்டுரையோட விஷயம்.

எங்க ஏரியாவுல இருக்கிற மின் நிலையத்துக்குப் பேர் வட சென்னை அனல் மின் நிலையம். முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாவது கட்டம் 1,200, 2024 மார்ச்ல திறந்த மூணாவது கட்டம் 800. பக்கத்துலயே வல்லூர்ல என்டிபிசியும் தமிழ்நாடு மின் வாரியமும் சேர்ந்து கட்டினது 1,500. கூட்டினா 4,130 மெகாவாட். நீங்க இதைப் படிக்கிற போன் சார்ஜ் ஆனதுல எங்க ஊர்ப் பங்கு கொஞ்சம் கண்டிப்பா இருக்கும். 2001-ல செயல்பட ஆரம்பிச்ச காமராஜர் துறைமுகத்தை இன்னைக்கும் எல்லாரும் எண்ணூர் துறைமுகம்னுதான் சொல்றாங்க, ஆனா அது எண்ணூர்ல இல்ல. ஆத்துக்கு இந்தப் பக்கம், எங்க பக்கம். தபால் பின்கோடு 600-ல ஆரம்பிக்குது, அதாவது சென்னை. சிஎம்டிஏ-வோட பெருநகர எல்லைக்குள்ள நாங்க வர்றோம். எங்க ஊர்ல எந்த நிலத்துல என்ன வரலாம்னு பிளான் போடுறது எழும்பூர்ல இருக்கிற ஆபீஸ். ஓட்டுன்னு வந்தா மட்டும் நாங்க திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம், மீஞ்சூர் ஒன்றியம், அத்திப்பட்டு ஊராட்சி.

கரன்ட் வேணும், துறைமுகம் வேணும், சாம்பல் கொட்ட இடம் வேணும்னா நாங்க சென்னை. மன்றத்துல உட்கார நாற்காலி வேணும்னா கிராமம். கோபத்துல சொல்றேன்னு நினைக்காதீங்க. (கொஞ்சம் கோபம்தான்.)

இந்த எல்லை எப்படி வந்துச்சுன்னு பார்க்கணும்னா சென்னை மாநகராட்சியோட கதையைக் கொஞ்சம் பார்க்கணும். 1688-ல ஆரம்பிச்சது. இந்தியாவிலேயே பழைய மாநகராட்சி இதுதான்னு பெருமையாச் சொல்வாங்க. கோட்டையைச் சுத்தி இருந்த வெள்ளைக்காரங்க, வியாபாரிகளோட மன்றமா இருந்தது. பிறகு மெல்ல மெல்ல ஊர்க்காரங்களுக்கு இடம் கிடைச்சு, 1919-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு பிட்டி தியாகராயர் தலைவரா வந்தார். வண்ணாரப்பேட்டைக்காரர், நெசவு வியாபாரம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடும் யோசனை அவர் காலத்து மாநகராட்சியில, ஆயிரம் விளக்குப் பள்ளியில ஆரம்பிச்சது. நகரத்துக்குப் பெரிய விஷயம் செஞ்ச வட சென்னை ஆள். அவர் பேரை எங்கே வெச்சாங்க? தி. நகர். இது ஒரு சின்ன உதாரணம்தான், ஆனா வட சென்னைக்காரங்களுக்குப் பழக்கமான உதாரணம்.

1959-ல திமுக முதல்முறையா மாநகராட்சியைப் பிடிச்சது. கோட்டையைப் பிடிக்கிறதுக்கு எட்டு வருஷம் முன்னாடியே ரிப்பன் மாளிகையைப் பிடிச்சாங்க. கவுன்சிலர் பதவிதான் அந்தக் காலத்துல அரசியலுக்கு நர்சரி. ஆனா அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1973-ல மஸ்டர் ரோல் ஊழல், அதாவது இல்லாத தொழிலாளிங்க பேருக்குக் கூலி எழுதின விவகாரம் கிளம்பி, மன்றத்தையே கலைச்சாங்க. அடுத்த தேர்தல் எப்போ தெரியுமா? 1996. நடுவுல 23 வருஷம். நம்ம வயசை விட அதிகம். ஒரு குழந்தை பிறந்து, இன்ஜினியரிங் முடிச்சு, வேலைக்கே போயிருக்கும், அதுவரைக்கும் சென்னையில கவுன்சிலர்னு ஒரு ஆளே கிடையாது. அதிகாரிங்கதான் ஓட்டினாங்க.

1996-ல மு.க. ஸ்டாலின் மக்கள் நேரடியா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் மேயரானார். அப்புறம் 2006 மறைமுகத் தேர்தல், 2011 மறுபடி நேரடி, 2022 மறுபடி மறைமுகம். மேயரை யார் தேர்ந்தெடுக்கணுங்கிறதையே நம்ம மாநிலம் செமஸ்டருக்கு ஒரு ரெகுலேஷன் மாதிரி மாத்திக்கிட்டே இருந்திருக்கு. 2016 அக்டோபர்ல மன்றத்தோட காலம் முடிஞ்சது. பழங்குடியினர் இடஒதுக்கீடு சரியாச் செய்யலைன்னு உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து பண்ணுச்சு. சரியான தீர்ப்பு. ஆனா அதைச் சரி செஞ்சு தேர்தல் நடத்த ஐந்தரை வருஷம் ஆச்சு. 1973-ல இருந்து 2022 வரை 49 வருஷம். அதுல 28 வருஷம் சென்னைக்கு மன்றமே இல்ல. அரசியல் சட்டம் 243யு பிரிவு என்ன சொல்லுதுன்னா, நகராட்சி மன்றத்துக்கு ஆயுள் அஞ்சு வருஷம், அது முடியறதுக்கு முன்னாடியே அடுத்த தேர்தலை முடிச்சாகணும். நமக்கு 75 சதவீத அட்டெண்டன்ஸ் இல்லைன்னா எக்ஸாம் எழுத விட மாட்டாங்க. இவங்களோட அட்டெண்டன்ஸ் நீங்களே போட்டுப் பாருங்க.

இப்போ எல்லை விஷயத்துக்கு வர்றேன். 2011-ல சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டர்ல இருந்து 426-ஆ வீங்குச்சு. 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி, மொத்தம் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்தாங்க. பழைய நகரத்தோட 155 வார்டும் 107-ஆ சுருங்குச்சு. புதுசா வந்த ஏரியாவுக்கு 93. மொத்தம் 200. வடக்குல திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் எல்லாம் உள்ளே வந்தது. நம்பர் போடுறதும் வடக்குல இருந்துதான் ஆரம்பம். முதல் மண்டலம் திருவொற்றியூர், முதல் வார்டு எண்ணூர் பக்கம். இந்த ஒரு விஷயத்துலயாவது வட சென்னை முதல்ல வந்துருச்சுன்னு எங்க பக்கத்து ஜோக்.

அந்தக் கோடு ஏன் ஆத்தோட நின்னுச்சு? கத்திவாக்கம் நகராட்சி அங்கே முடிஞ்சது, அதனால சென்னையும் அங்கே முடிஞ்சது. என் கணிப்பு அவ்வளவுதான். கிராமம்ங்கிறதால எங்களை விட்டாங்கன்னு சொல்ல முடியாது, ஏன்னா மணலி மண்டலத்துக்குள்ள கடப்பாக்கம், சடையங்குப்பம், இடையஞ்சாவடி எல்லாம் வந்துச்சு. கடப்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு தடவை போய்ப் பாருங்க. அது சென்னை மாநகராட்சி. அங்கிருந்து எங்க பக்கம் திரும்பி, வானத்தை முட்டுற புகைபோக்கிகளைப் பாருங்க. அது கிராம ஊராட்சி.

2018-ல சென்னை மாவட்டத்தையும் மாநகராட்சி அளவுக்கு விரிச்சாங்க. அதுவரைக்கும் எண்ணூரும் அத்திப்பட்டும் ஒரே கலெக்டருக்குக் கீழே இருந்தது. இப்போ ஆத்துக்குத் தெக்கே சென்னை கலெக்டர், வடக்கே திருவள்ளூர் கலெக்டர். சட்டமன்றத்துல அவங்க திருவொற்றியூர், நாங்க பொன்னேரி. நாடாளுமன்றத்துல அவங்க வட சென்னை, நாங்க திருவள்ளூர். எங்க கலெக்டர் ஆபீசுக்கு ரயில்ல போகணும்னா முதல்ல சென்னைக்குள்ள போய், அங்கே இறங்கி, திருவள்ளூர் வண்டி மாறணும். சென்னையைத் தாண்டித்தான் எங்க மாவட்டத் தலைநகருக்கே போக முடியும்.

இதெல்லாம் நிர்வாகக் குளறுபடி, போகட்டும்னு விடலாம். தண்ணி விஷயத்துல விட முடியல.

அனல் மின் நிலையத்துல எரியற இந்திய நிலக்கரியில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு சாம்பல். அதைத் தண்ணியில கரைச்சுக் குழாய் வழியா சாம்பல் குட்டைக்குத் தள்ளுவாங்க. குழாய் தேயும், ஓட்டை விழும். அந்தக் குழம்பு கொசஸ்தலை ஆத்துல, எண்ணூர் கழிமுகத்துல கலந்து, இறால் பிடிச்ச இடமெல்லாம் சேறாகி மேடு தட்டிப்போனது பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போன விவகாரம். மின் நிலையம் ஆத்துக்கு வடக்கே. மீன் பிடிக்கிற காட்டுக்குப்பம் ஆத்துக்குத் தெக்கே. குழாய் திருவள்ளூர்ல உடையும், வலை சென்னையில கறுப்பாகும். முதல் வார்டு கவுன்சிலர் மன்றத்துல எழுந்து என்ன பேச முடியும்? "பக்கத்து மாவட்டத்துல"ன்னு ஆரம்பிக்கணும். எங்க பக்கம் செப்பாக்கம்னு ஒரு ஊர் இருக்கு, சாம்பல் குட்டைக்குப் பக்கத்துலயே. காத்து திரும்பினா வீட்டுக்குள்ள சாம்பல். எங்களை வேற இடத்துக்கு மாத்துங்கன்னு அவங்க பல வருஷமாக் கேட்கிறாங்க.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழையில மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தது ஞாபகம் இருக்கும். இரண்டாவது மண்டலத்துல கிளம்பி, முதல் மண்டலத்துல இறங்கி, அப்படியே ஆறு முழுக்கப் பரவுச்சு. எண்ணெய்க்கு மாவட்ட எல்லையும் தெரியல, வார்டு எல்லையும் தெரியல. அதே மாசக் கடைசியில பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சப்போ ராத்திரியோட ராத்திரியா ஜனம் ரோட்டுல ஓடுச்சு.

இதைப் படிச்சதும் நீங்க சொல்லப்போறது எனக்குத் தெரியும். "அப்போ அத்திப்பட்டையும் சென்னையில சேர்த்துடலாமே?" எங்க ஊர்லயும் நிறையப் பேர் அதைத்தான் சொல்றாங்க. ரோடு வரும், பாதாளச் சாக்கடை வரும், மெட்ரோ வாட்டர் வரும், நிலம் விலை ஏறும். விம்கோ நகர் வரைக்கும் வந்த மெட்ரோ ரயில் இன்னும் நாலு ஸ்டேஷன் தாண்டி வந்துடுங்கிற ஆசை வேற.

எனக்கு ஒப்புதல் இல்ல. ஏன்னு சொல்றேன்.

முதல்ல, உள்ளே போனவங்களைப் பாருங்க. கத்திவாக்கத்துக்குத் தனி நகராட்சி, தனித் தலைவர் இருந்தாங்க. சேர்ந்த பிறகு 200 வார்டுல அது சில வார்டு. மேலே சொன்ன எண்ணெயும் அமோனியாவும் அவங்க "சென்னை" ஆகி 12 வருஷம் கழிச்சு நடந்தது. ஏன் மாறலைன்னா, மாநகராட்சி கையில இருக்கிற அதிகாரம் அவ்வளவுதான். குடிநீர், கழிவுநீர் 1978-ல இருந்து மெட்ரோ வாட்டர் கையில. நிலப் பயன்பாடு சிஎம்டிஏ. பஸ் தனி, மின்சாரம் தனி, மாசுக் கட்டுப்பாடு தனி வாரியம். கவுன்சிலருக்கு மிச்சம் குப்பை, தெரு விளக்கு, உட்புறச் சாலை, மழைநீர் வடிகால், பள்ளிக்கூடம், சுகாதார மையம். அதெல்லாம் சின்ன விஷயம் இல்ல, அதுக்கே ராப்பகலா அலையற கவுன்சிலர்கள் இருக்காங்க. ஆனா மின் நிலையக் குழாயைப் பத்தி மன்றம் தீர்மானம் போட்டா, அது தீர்மானமாவே இருக்கும்.

இன்னொண்ணு, ஊராட்சியில எங்களுக்கு இருக்கிற ஒரு பொருள் உங்ககிட்ட இல்ல. கிராம சபை. வருஷத்துக்கு ஆறு தடவை. ஓட்டர் லிஸ்ட்ல பேர் இருக்கிற ஒவ்வொருத்தரும் உறுப்பினர். நான் போயிருக்கேன். ஷாமியானா, பிளாஸ்டிக் சேர், கரகரன்னு ஒரு மைக். எங்க தெருப் பாட்டி ஒருத்தங்க எழுந்து, கால்வாய் வேலைக்கு எவ்வளவு செலவாச்சுன்னு கேட்டாங்க. நோட்டைத் திறந்து படிச்சுக் காட்டினாங்க. பாட்டி உட்காரல. "அந்தக் கணக்கு சரி, தண்ணி எங்க சாமி ஓடுது?"ன்னு கேட்டாங்க. அங்கே இருந்த எல்லாரும் சிரிச்சாங்க, ஆனா பதில் சொல்லித்தான் ஆகணும். ரிப்பன் மாளிகையில அந்தப் பாட்டியால எழுந்து நிக்க முடியுமா? நகரங்களுக்கும் பகுதி சபைன்னு 2022-ல கொண்டு வந்தாங்க, நவம்பர் 1-ஆம் தேதி முதல் கூட்டமும் நடந்தது. நல்ல யோசனை. சென்னைக்காரங்க உங்க ஏரியா சபை எப்போ, எங்கே நடந்ததுன்னு சொல்லுங்க, நான் டீ வாங்கித் தர்றேன்.

அப்புறம் நூறு நாள் வேலை. அது கிராமத்துக்கு மட்டும். மாநகராட்சியோட சேர்ந்த அன்னைக்கே போயிடும். கம்பெனி கேட்டுக்குள்ள கான்ட்ராக்ட் வேலை எல்லாருக்கும் கிடைக்காது. ஐம்பது வயசு தாண்டின பொம்பளைங்களுக்கு அந்தக் கூலி கைச்செலவு இல்ல, மாத்திரைச் செலவு. வீட்டு வரி மட்டும் நகர ரேட்டுக்கு ஏறும். அதனாலதான் பல ஊர்ல இணைப்புன்னாலே ஜனம் மறியலுக்கு வருது. அதைப் "பின்தங்கிய மனசு"ன்னு டிவியில பேசறவங்க ஒரு மாசம் அந்தக் கூலியில வாழ்ந்து பார்க்கலாம்.

அதுக்காக இப்போ இருக்கிறது சொர்க்கம்னு நான் சொல்லல. எங்க தெரு விளக்கு விஷயமா எங்கப்பா ஒரு ஆபீசுக்குப் போனார், இது எங்க லிமிட் இல்லைன்னாங்க. அவங்க சொன்ன இன்னொரு ஆபீசுக்குப் போனார், அவங்களும் அதையே சொன்னாங்க. மூணு மாசம் அப்பா போன் டார்ச்சை அடிச்சுக்கிட்டு ஷிஃப்ட் முடிஞ்சு வந்தார். ஊராட்சித் தலைவருக்கும் பெரிய கம்பெனி கேட்டுக்குள்ள ஒண்ணும் செல்லாது. கிராம சபைத் தீர்மானம் போட்டு அனுப்பலாம், அவ்வளவுதான். அதோட, 2019 டிசம்பர்ல நாங்க தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றத்தோட காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிஞ்சது. அடுத்து தேர்தல் வரல, தனி அலுவலர் வந்தார். சென்னைக்கு 1973-லயும் 2016-லயும் நடந்தது எங்களுக்கும் நடந்துச்சு. நகரம், கிராமம்னு பேதம் பார்க்காம எல்லாருக்கும் கிடைச்ச ஒரே சமத்துவம் இதுதான்.

அப்போ என்னதான் வேணும்? அரசியல் சட்டத்துலயே ஒரு வழி இருக்கு. 243இசட்இ பிரிவு. பெருநகரத் திட்டக் குழுன்னு ஒண்ணு அமைக்கணும், அதுல குறைஞ்சது மூணுல ரெண்டு பங்கு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவங்களா இருக்கணும். யார்? நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும், தங்களுக்குள்ளயே தேர்ந்தெடுத்த ஆட்கள். யோசிச்சுப் பாருங்க. எண்ணூர் கவுன்சிலரும், மணலி கவுன்சிலரும், அத்திப்பட்டு ஊராட்சித் தலைவரும் ஒரே மேஜையில உட்கார்ந்து, அந்தக் கழிமுகத்துல இன்னொரு ஆலை வரலாமா, வேண்டாமான்னு பேசுவாங்க. ஆறு ஒண்ணு, அதனால மேஜையும் ஒண்ணு. இது 1993-ல இருந்து சட்டப் புத்தகத்துல இருக்கு. அப்படி ஒரு குழு கூடி சென்னைக்குத் திட்டம் போட்டதா நீங்க எந்த நியூஸ்லயாவது பார்த்திருக்கீங்களா?

எல்லைக் கோட்டை நகர்த்துறது ஈசி. ஒரு அரசாணை போதும். அதிகாரத்தைப் பிரிச்சுக் கொடுக்கிறதுதான் கஷ்டம், அதனால எந்தக் கட்சி வந்தாலும் கோட்டை மட்டும் நகர்த்துறாங்க. என் கோரிக்கை இதுதான்: அத்திப்பட்டை இப்போ சேர்க்க வேண்டாம். முதல்ல ஊராட்சித் தேர்தலை நடத்துங்க. கழிமுகத்தைச் சுத்தி இருக்கிற வார்டுகளுக்கும் ஊராட்சிகளுக்கும் ஒரே மன்றம் கொடுங்க, அந்த மன்றத்தோட சம்மதம் இல்லாம புது ஆலைக்கோ, குட்டைக்கோ அனுமதி கிடையாதுன்னு எழுதுங்க. அப்புறமும் சேர்க்கணும்னு தோணினா, கிராம சபையைக் கூட்டி எங்களைக் கேளுங்க.

வட சென்னையில இருந்து யாரும் மேல வர முடியாதுன்னு நான் புலம்பல. இப்போ மேயரா இருக்கிற ஆர். பிரியா திரு.வி.க. நகர் 74-வது வார்டுல ஜெயிச்சு வந்தவங்க. 2022-ல பதவி ஏத்தப்போ வயசு 28. முதல் தலித் பெண் மேயர். நம்மளை விட ஏழெட்டு வயசுதான் பெரியவங்க. அந்த மன்றத்துல பாதிச் சீட்டு பெண்களுக்கு. நம்ம கிளாஸ்ல யாருக்காவது கவுன்சிலர் ஆகணும்னு ஆசை இருக்கான்னு கேட்டா சிரிப்பாங்க, கேட் எழுதணும், எம்.எஸ். போகணும்னு சொல்வாங்க. நானும் பிளேஸ்மென்ட் வந்தா பெங்களூருதான் போவேன், பொய் சொல்லல. ஆனா எங்கம்மாவும் அப்பாவும் அங்கேதான் இருப்பாங்க. என் பேரும் அந்த ஓட்டர் லிஸ்ட்லதான் இருக்கும்.

அதனால உங்ககிட்ட ரெண்டே விஷயம். ஓட்டர் லிஸ்ட்ல பேர் இல்லாதவங்க படிவம் 6 போடுங்க. முன்ன மாதிரி ஜனவரிக்குக் காத்திருக்க வேண்டாம், இப்போ ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர்னு நாலு தகுதித் தேதி இருக்கு. சென்னைக்காரங்க அப்படியே உங்க வார்டு நம்பரையும் பார்த்து வெச்சுக்கோங்க. கிராமத்துல இருந்து வந்தவங்களுக்கு கிராம சபைத் தேதிகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதுல நாலு நாள் எப்படியும் காலேஜ் லீவு. லீவுக்கு ஊருக்குத்தானே போறீங்க, காலையில கொஞ்சம் சீக்கிரம் எழுந்திருங்க. மார்ச் 22 இன்டர்னல்ஸ் நேரம்னா, உங்க வீட்டுப் பாட்டியை அனுப்புங்க.